கடல் சுவரா, சாலையா? விளையாட்டுத் தீவுகளும் நெடுந்தீவும்

கணினியிலும் கைத்தொலைபேசியிலும் ஆடப்படும் விளையாட்டுக்களைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவை பிள்ளைகளைக் கெடுக்கின்றனவா, வளர்க்கின்றனவா என்ற ஒரே வினாவிற் சென்று நின்றுவிடுகிறார்கள். அவ்வினாவுக்கும் உரிய இடம் உண்டென்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், இலங்கையின் வடக்கே நாற்புறமும் சமுத்திரம் சூழ்ந்த நெடுந்தீவிற் பிறந்து வளர்ந்த எனக்கு, அவ்விளையாட்டுக்களைக் காணுந்தோறும் வேறொரு வினாவே முன்னெழுகிறது. உலகின் பல தேசங்களிலும் கோடிக்கணக்கான மக்கள் ஆடும் இவ்விளையாட்டுக்கள் ஏன் இத்துணை அடிக்கடி ஒரு தீவிலே நிகழ்கின்றன? மலையும் நகரமும் பாலைநிலமும் தாராளமாக இருக்க, கற்பனைக்கு எல்லையே இல்லாத இக்கலையிலே, சிருஷ்டி செய்வோர் மீண்டும் மீண்டும் தீவையே நாடுவதற்கு ஒரு காரணம் இருக்கத்தானே வேண்டும்? அக்காரணத்தை ஆராயப் புகுந்த வழியில் இவ்விளையாட்டுக்கள் எவ்வாறு ஆக்கப்படுகின்றன, எவ்வாறு விற்கப்படுகின்றன என்பனவும் எனக்கு ஓரளவு விளங்கின. விளங்கியவற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்வதும், முடிவில் நம்மூர் இளைஞரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்வதுமே இப்பதிவின் உத்தேசம்.

முதலில் சான்றுகளைச் சொல்கிறேன். நம் பிள்ளைகள் ‘பப்ஜி’ என்று செல்லமாக அழைக்கும் விளையாட்டு 2017ஆம் ஆண்டு தென்கொரிய நிறுவனமொன்றினால் வெளியிடப்பட்டது. அதனை வகுத்தவர் பிரெண்டன் கிரீன் என்னும் அயர்லாந்துக்காரர். நூறு பேர் விமானமொன்றிலிருந்து குதித்து இறங்கி, வீடுகளுக்குள் ஆயுதங்களைத் தேடி எடுத்து, ஒருவரையொருவர் வீழ்த்தி, இறுதியில் எஞ்சி நிற்பவரே வெற்றி பெறும் அவ்விளையாட்டின் முதற்களம் எராங்கல் என்னும் கற்பனைத் தீவு. கிரீன் தம் மகளின் பெயரைத் தழுவியே அதற்குப் பெயரிட்டார். அத்தீவின் வரைபடம் பக்கத்துக்கு 8 கிலோமீற்றர் கொண்ட சதுரம். நெடுந்தீவின் விஸ்தீரணம் ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். ஆகவே, ஓரங்களிலுள்ள கடலையும் சேர்த்த அச்சதுரத்தைவிட நம் தீவு பரப்பளவிற் சிறிதே குறைந்தது. உலகம் முழுவதும் இரவு பகலாக ஓடி ஒளிந்து விளையாடிய அந்நிலம் நம் தீவின் பருமனையே உடையதென்று அறிந்த நாளில் நான் அடைந்த வியப்பு இன்னும் தணியவில்லை.

இது ஒன்றுதானா? இலங்கையிலும் இந்தியாவிலும் எளிய கைத்தொலைபேசி வைத்திருக்கும் பிள்ளைகளிடையே பரவிய ‘ஃப்ரீ ஃபயர்’ விளையாட்டிலும், 50 பேர் இறங்குவது பெர்முடா என்னும் தீவிலேதான். 1993இல் அமெரிக்கச் சகோதரர் இருவர் ஆக்கிய ‘மிஸ்ட்’, ஆளரவமற்ற தீவொன்றிலே புதிர்களை அவிழ்க்கும் விளையாட்டு. கணினி விளையாட்டுக்களுள் மிக அதிகமாக விற்பனையானது என்ற பெருமையை அது பல்லாண்டு தன்னிடமே வைத்திருந்தது. 2020 மார்ச் மாதத்தில், கொள்ளைநோய்க்கு அஞ்சி உலகமே கதவடைத்திருந்த வேளையில், நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘அனிமல் குரொசிங்’ விளையாட்டு ஆடுவோர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தீவையே கொடுத்தது. வெளியே செல்ல இயலாதிருந்த மக்கள் அதில் மரம் நட்டார்கள், மீன் பிடித்தார்கள், அயலவரை விருந்துக்கழைத்தார்கள்.

இவ்வாசை கணினியோடு பிறந்ததன்று. 1660இல் கொட்டியாற்றிலே சிறைப்பட்டு, கண்டி அரசனின் ஆட்சியில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்த ரொபேர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், தப்பிச்சென்று 1681இல் இலங்கைத் தீவைப்பற்றி நூலொன்றை வெளியிட்டார். 1719இல் டானியல் டீபோ எழுதிய ‘ரொபின்சன் குரூசோ’வுக்கு அந்நூல் தூண்டுகோலாயிருந்தது என்பது இலக்கிய ஆராய்ச்சியாளர் பலரின் அபிப்பிராயம். 1881இல் ஸ்டீவன்சன் என்னும் எழுத்தாளர் முதலில் தீவொன்றின் வரைபடத்தைத் தீட்டினார். அவ்வரைபடத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் ‘புதையல் தீவு’ என்னும் கதை அவர் உள்ளத்தில் உருவாயிற்று. வரைபடம் முதலில், கதை பின்னர் என்ற அந்த முறையையே இன்று விளையாட்டு ஆக்குவோரும் பெரிதும் கைக்கொள்கின்றனர். பிரெண்டன் கிரீனுக்கு வித்தாக அமைந்ததோ 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஜப்பானியத் திரைப்படமொன்று. அதிலும் பள்ளி மாணவர் கூட்டமொன்று தீவிலே விடப்பட்டு, ஒருவரையொருவர் கொல்லும்படி நிர்ப்பந்திக்கப்படுகிறது.

இனி, ஆக்கும் விதத்துக்கு வருவோம். விளையாட்டுக்குரிய நிலம் ஒன்றைச் சிருஷ்டிப்பவர் முதலிற் செய்வது, வெண்மையும் கருமையும் கலந்த படமொன்றை ஆயத்தம் செய்வது. அப்படத்தில் வெளுத்த இடம் மேடு, கறுத்த இடம் பள்ளம். கணினி அதனைப் படித்து, நிலம் முழுவதையும் எண்ணற்ற முக்கோணங்களாற் பின்னி எழுப்பும். பின்னர் அந்நிலத்தின்மேல் மணலும் புல்லும் பாறையும் தோலாகப் போர்த்தப்படும். மரங்களை ஒவ்வொன்றாகச் செய்வதில்லை; இரண்டு மூன்று பனைகளைச் செய்து, அவற்றையே சிறிது திருப்பியும் வளர்த்தும் குறுக்கியும் ஆயிரக்கணக்கில் நட்டுவிடுவார்கள். அருகிலுள்ள பனைக்கு ஓலை ஓலையாக உருவம் இருக்கும். தொலைவிலுள்ளதற்கோ பனைபோன்ற ஒரு தட்டையான சாயல் போதும். காரணம், காட்சி முழுவதையும் வினாடிக்கு 30 அல்லது 60 தடவை புதிதாக வரைந்தாக வேண்டிய கருவிக்கு ஒவ்வொரு முக்கோணமும் பாரமே. இவற்றோடு எதன்மேல் நடக்கலாம், எதனூடாகச் செல்ல இயலாது, குண்டு எதைத் துளைக்கும், எந்நிலத்தில் காலடியோசை எவ்விதம் கேட்கும் என்பனவெல்லாம் தனித்தனியே விதிக்கப்படும். இவ்வேலைகளுக்கு அடிப்படையாக ‘என்ஜின்’ எனப்படும் மென்பொருள்கள் உண்டு. பப்ஜி ‘அன்ரியல்’ என்னும் என்ஜினிலும், ஃப்ரீ ஃபயர் ‘யுனிட்டி’ என்னும் என்ஜினிலும் ஆக்கப்பட்டவை.

இவ்வளவும் செய்து முடித்த சிற்பிக்கு ஒரு தீராத சங்கடம் எஞ்சுகிறது. உலகம் எங்கேயோ முடிந்தாக வேண்டும். ஆனால் முடிகிறதென்பது ஆடுபவர் கண்ணில் உறுத்தலாகாது. வெட்டவெளியில் நடந்துகொண்டிருப்பவரைக் கண்ணுக்குத் தெரியாத சுவரொன்று தடுத்தால், அதுவரை கட்டியெழுப்பிய மாயை முழுவதும் அக்கணமே சிதைந்துபோகும். அந்த இடர்ப்பாட்டைத் தீர்க்க வருவதுதான் கடல். கரையிலே வந்து நிற்பவனுக்கு இதற்கப்பாற் போக முடியாதென்று ஒருவரும் சொல்லவேண்டியதில்லை, அலை சொல்லிவிடுகிறது. மேலும், கடலை வரைவது காட்டை வரைவதைவிடக் கருவிக்கு இலகு. ஆகவே விளையாட்டுச் சிற்பியின் கண்ணில் தீவு என்பது நான்கு பக்கமும் இயற்கையே எழுப்பிக்கொடுத்த சுவர்களையுடைய மண்டபம். கடல் அதன் சுவர். நான் தேடிய காரணம் இதுவே.

மெய்யான தீவொன்றே விளையாட்டுக்குள் புகுந்த சரித்திரமும் உண்டு. செக் நாட்டு நிறுவனமாகிய பொஹீமியா இன்ரராக்டிவ், கிரேக்கத்தின் லெம்னொஸ் தீவை முன்மாதிரியாகக் கொண்டு ‘ஆர்மா 3’ என்னும் போர் விளையாட்டுக்குரிய நிலத்தை அமைத்தது. அந்நிறுவனத்தைச் சேர்ந்த இருவர் 2012 செப்டெம்பரில் அத்தீவிலே இராணுவ நிலையங்களைப் படமெடுத்தார்களென்று உளவுக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கைதாகி, 2013 ஜனவரியிலேதான் பிணையில் வெளிவந்தார்கள். அதன்பின்னர் விளையாட்டில் அத்தீவின் பெயர் ஆல்டிஸ் என்று மாற்றப்பட்டது. ஒரு தீவை விளையாட்டாக்குவது அத்தீவின் மெய்யான வாழ்வோடும் அரசியலோடும் எவ்வளவு நெருக்கமாகப் பிணைந்த காரியமென்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

விற்கும் விதத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஏனெனில் பெற்றோர் பலர் அறியாதிருப்பது இப்பகுதியையே. 1972இல் அமெரிக்காவில் அட்டாரி நிறுவனம் ‘பொங்’ என்னும் பந்தாட்டத்தை வெளியிட்ட காலத்தில், பெட்டிக்குள் நாணயத்தைப் போட்டால் ஓர் ஆட்டம் கிடைக்கும். தோற்றால் மறு நாணயம். பின்னர் விளையாட்டை வீட்டுக்கு வாங்கிச் செல்லும் காலம் வந்தது. பெட்டியும் தட்டும் கடையில் விற்கப்பட்டன. 2003இல் தோன்றிய ‘ஸ்டீம்’ முதலிய இணையக் கடைகளும், 2008இல் திறக்கப்பட்ட ஆப்பிள் நிறுவனத்தின் ஆப் ஸ்டோரும் பெட்டியைத் தேவையற்றதாக்கின. விற்பனையில் நூற்றுக்கு முப்பது பங்கைக் கடைக்காரர் எடுத்துக்கொள்வது அங்கெல்லாம் நெடுங்காலமாக நிலவிவந்த வழக்கு. இன்றோ விளையாட்டை விற்பதே இல்லை என்ற நிலை பெருகியிருக்கிறது. விலை கொடுத்து வாங்கப்பட்ட பப்ஜியும் 2022 ஜனவரியிலிருந்து இலவசமாயிற்று. ஃப்ரீ ஃபயர் பிறந்ததே இலவசமாகத்தான்.

இலவசமாயின் இலாபம் எங்கிருந்து வருகிறது? ஆடும் உருவத்துக்கு உடுப்பு, துப்பாக்கிக்கு வர்ணம், வெற்றிக்கு ஒரு கூத்து என்றிவ்வாறு விற்பதிலிருந்து வருகிறது. இவற்றையே பிள்ளைகள் ‘ஸ்கின்’ என்கிறார்கள். ஒரு தடவை வரைந்த உடுப்பை இலட்சம் பேருக்கு விற்றாலும் மறுபடி தைக்கவேண்டியதில்லை. அவ்வுடுப்பையும் ரூபாய்க்கு நேரே விற்பதில்லை. ரூபாயைக் கொடுத்து ‘டயமண்ட்’ வாங்கவேண்டும், டயமண்டைக் கொடுத்து உடுப்பு வாங்கவேண்டும். இடையிலே ஒரு நாணயம் புகுந்ததும், எவ்வளவு செலவாயிற்றென்ற கணக்குப் பிள்ளையின் மனத்திலிருந்து மறைந்துவிடுகிறது. அதற்கும் மேலே, வேண்டிய பொருளை நேரே கொடாமல், சக்கரத்தைச் சுழற்றி அதிர்ஷ்டத்தை நம்பும்படி வைப்பதும் உண்டு. இவ்வகை அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டமென்றே பெல்ஜிய அரசாங்கத்தின் சூதாட்ட ஆணைக்குழு 2018இல் தீர்மானித்தது. அத்தீர்மானம் நியாயமானதென்பது என் உறுதியான அபிப்பிராயம். தாய் தந்தையர் பிள்ளையின் கையிலிருந்து போனைப் பறிப்பதற்கு முன், அருகிலிருந்து இந்தக் கணக்கை ஒரு தடவை அவனோடு சேர்ந்து எழுதிப் பார்ப்பார்களாயின், பறிக்கவேண்டிய தேவையே பலவிடங்களில் எழாது.

இனி, நம் தீவில் இவ்விளையாட்டு ஆடப்படும் விதம். நெடுந்தீவுக்கு வரவேண்டுமாயின் குறிகட்டுவான் துறைக்கு வந்து படகேறவேண்டும். போகவேண்டுமாயின் மாவிலித்துறையிற் படகுக்காகக் காத்திருக்கவேண்டும். காத்திருக்கும் அவ்வேளையிலேதான் நம் இளைஞரை நான் அதிகமாகக் கவனித்திருக்கிறேன். நான்கைந்து பேர் நிழலொன்றில் நெருங்கியிருந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், ஆனால் ஒருவர் குரலுக்கு ஒருவர் உடனே செவிகொடுத்து ஆடுகிறார்கள். “மச்சான், ஸோன் வருது, கெதியா உள்ளுக்கு வா!” என்று ஒருவன் கத்துகிறான். ஆட்டம் நீளாதிருக்கவேண்டி, விளையாட்டிலே பாதுகாப்பான வட்டம் சிறிது சிறிதாகச் சுருங்கிக்கொண்டு வரும்; வட்டத்துக்கு வெளியே நிற்பவனின் உயிர் தேயும். அதற்கஞ்சி எல்லோரும் தீவின் உள்ளே உள்ளே ஓடுகிறார்கள். சிக்னல் தளர்ந்தால் இங்கே விரல் அழுத்தியதைத் தூரதேசத்திலுள்ள சேர்வர் அறியப் பிந்திவிடும். பிந்திய அக்கணத்திலே ஆள் விழுந்துவிடுவான். பிழை யாருடையதென்று பெரிய விவாதம் எழும். ஆட்டம் கடைசியில் ஒரு படகின் இரைச்சலோடு கலையும்.

அவர்களுள் ஒருவனிடம் ஒரு நாள் கேட்டேன்: “தம்பி, உந்தத் தீவிலை நல்ல தண்ணிக் கிணறு எங்கை இருக்கு?” அவன் திரையிலிருந்து கண்ணெடுத்து என்னைப் பார்த்து, மரியாதையாகச் சொன்னான்: “அண்ணை, உதுக்குள்ளை ஒருத்தருக்கும் தண்ணி விடாய்க்கிறேல்லை.”

அப்பிள்ளையின் விடை என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. தண்ணீர் விடாயாத மனிதர் வாழும் தீவு, தீவைப் பார்த்திராதவர் சிருஷ்டித்த தீவு. நெடுந்தீவிலே பிறந்தவனுக்கு நிலத்தின் நடு எது என்று கேட்டால் கிணற்றைக் காட்டுவான். சாராப்பிட்டியிலே நல்ல தண்ணீர் ஊறுவதும், பிறவிடங்களில் உவர் ஏறுவதும் எம் சரித்திரத்தையே நிர்ணயித்த காரியங்கள். போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் வந்து, இன்று கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகள்கூட, கோடையில் தண்ணீரின்றியே மடிகின்றன. விளையாட்டுத் தீவிலோ வீடுகள் உண்டு, குடியில்லை. வயல்கள் உண்டு, விதைத்தவரில்லை. துறை உண்டு, காத்திருப்பவரில்லை.

அதைவிடப் பெரிய வேற்றுமை கடலைப் பற்றியது. விளையாட்டுச் சிற்பிகளுக்குக் கடல் சுவர். எமக்கோ அது சாலை. பள்ளிக்கூடத்து ஆசிரியரும் ஆஸ்பத்திரி மருந்தும் அரிசி மூட்டையும் கல்யாணப் பெண்ணும் அந்தச் சாலையாலேயே வந்தார்கள். எங்கள் சந்தோஷங்கள் போலவே எங்கள் துக்கங்களும் அதன்மேலேதான் நிகழ்ந்தன. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, குழந்தையென்றும் முதியோரென்றும் பாராமல் எம் மக்களை வெட்டிக் கொன்றார்கள். அந்நினைவைச் சுமக்கும் ஊரிலே, தீவொன்றில் இறங்கி மனிதரை வேட்டையாடும் விளையாட்டை அம்மக்களின் பேரப்பிள்ளைகள் ஆடுகிறார்களே என்று மனம் வருந்தும் பெரியோரை நான் அறிவேன். அவர்களின் வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆனால், அப்பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்க என் மனம் இசையவில்லை. அவர்கள் தேடுவது கொலையையன்று. தோழமையையும், சாமர்த்தியத்தைக் காட்ட ஒரு களத்தையுமே தேடுகிறார்கள். முந்திய தலைமுறை அவற்றைக் கிளித்தட்டிலும் மாட்டுவண்டிச் சவாரியிலும் கண்டது. வேறு களம் கொடாமல், கிடைத்த களத்தை மாத்திரம் இகழ்வது நீதியாகாது.

கடலைச் சாலையாகக் கண்ட விளையாட்டுக்களும் உலகத்தில் இல்லாமலில்லை. 2002இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ‘விண்ட் வேக்கர்’ என்னும் விளையாட்டிலே உலகமே 49 சதுரங்களாகப் பிரிந்த பெருங்கடல். காற்றின் திசையறிந்து பாய்விரித்துத் தீவுக்குத் தீவு செல்லவேண்டும். ஆனால் என் உள்ளத்தைக் கவர்ந்தது, 2023 மார்ச்சில் வெளிவந்த ‘ச்சியா’. பசுபிக் சமுத்திரத்திலுள்ள நியூ கலிடோனியாவைச் சேர்ந்த நண்பர் இருவர், கனடாவின் மொன்றியல் நகரிலிருந்துகொண்டு, தம் தீவுகளின் நினைவிலே அதனை ஆக்கினார்கள். அதிலே ஒரு சிறுமி சிறு தெப்பமேறித் தீவுகளிடையே பிரயாணஞ்செய்கிறாள். அவளைச் சுற்றியுள்ளோர் பிரெஞ்சு மொழியோடு ட்ரெஹு என்னும் அவ்வூர்ச் சுதேச மொழியையும் பேசுகிறார்கள். சிறு தொகையினர் மாத்திரம் பேசும் அம்மொழி இவ்வாறு உலகின் காதுகளை எட்டியது.

அவ்வாண்டு ‘கேம் அவார்ட்ஸ்’ என்னும் விருது விழாவில், சமுதாயத்துக்குப் பயன்படும் விளையாட்டு என்ற பிரிவிலே ச்சியா விருது பெற்றது. அதே பிரிவில் அதனோடு போட்டியிட்டவற்றுள் ஒன்று தமிழ் விளையாட்டு என்பதை இங்கே பெருமிதத்தோடு பதிகிறேன். அதன் பெயர் ‘வெண்பா’; 2023 ஜூலை 31ஆம் திகதி, ரொறன்ரோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறிய குழுவினர் அதனை வெளியிட்டார்கள். 1980களிலே கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பமொன்றின் தாய், தன் தாய் எழுதிவைத்த சமையற் புத்தகத்தில் அழிந்துபோன வரிகளை ஊகித்து, இட்டலியும் புட்டும் பிரியாணியும் சமைப்பதே ஆட்டம். அதனூடே, மொழியையும் ஊணையும் மகனுக்குக் கைமாற்றித் தரத் தவிக்கும் ஒரு தாயின் வாழ்வு விரிகிறது. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் அச்சிறு விளையாட்டு, 2024இல் சுயாதீன விளையாட்டுக்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் பெரும் பரிசையும், பிரித்தானியாவின் பஃப்டா விருதுகளுள் முதலாக்கத்துக்குரிய விருதையும் பெற்றது. துப்பாக்கியில்லை, சக்கரமில்லை, டயமண்டுமில்லை; ஒரு முறை விலை கொடுத்து வாங்கினால் முழுவதும் உங்களுடையது. ஒரு தமிழ்ச் சமையலறை உலகத்துக்கு விளையாட்டாகுமென்றால், ஒரு தமிழ்த் தீவு ஆகாதா?

ஆகும் என்பதே என் திடமான நம்பிக்கை. எவ்விதம் ஆகும் என்பதையும் சிறிது விரித்துச் சொல்கிறேன். வைகாசியிலிருந்து வீசும் சோளகக் காற்றிலே கடல் கொந்தளித்துப் படகு நின்றுபோக, நோயாளி ஒருவரைக் குறிகட்டுவானுக்குச் சேர்க்கவேண்டிய ஓட்டியின் நிலையை எண்ணிப் பாருங்கள். காற்று எப்போது விழும், எந்த நீரோட்டம் எங்கே இழுக்கும் என்ற அறிவே அவ்வாட்டத்தின் சாமர்த்தியம். கோடையிலே குதிரைக் கூட்டமொன்றைப் பின்தொடர்ந்து, தண்ணீர் எஞ்சியுள்ள கேணியைக் கண்டுபிடிப்பது மற்றோர் ஆட்டம். சாந்தில்லாமற் பவளக்கற்களை அடுக்கிய எம் கல்வேலிகள், தீவு முழுவதையும் சிறு சிறு அடைப்புக்களாகப் பிரித்து, எந்த விளையாட்டுச் சிற்பியும் கனவு காணாத ஒரு வழித்தேடலை ஏற்கனவே அமைத்துவைத்திருக்கின்றன. மேடு பள்ளமில்லாத சமநிலமாகிய எம் தீவில் திசைகாட்ட மலையில்லை. ஆனால் பெருக்குமரம் உண்டு, வெடியரசன் கோட்டை என்று வழங்கும் கற்குவியல் உண்டு, ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு உண்டு, தெற்கே கடலைப் பார்த்து நிற்கும் கோபுரம் உண்டு, செய்தி கொண்டுபோன பறவைகளுக்காகக் கட்டிய புறாக்கூடும் உண்டு. இவற்றுள் எதற்கும் துப்பாக்கி வேண்டியதில்லை.

இது பெரும் பணமின்றி ஆகாத காரியமென்று நீங்கள் நினைக்கலாம். 2014இல் டென்மார்க் அரசாங்கத்தின் நிலஅளவைத் திணைக்களம், தன் தேசம் முழுவதையும், ஏறக்குறைய 43,000 சதுர கிலோமீற்றரையும், ‘மைன்கிராஃப்ட்’ என்னும் விளையாட்டினுள்ளே ஒன்றுக்கு ஒன்று என்ற அளவிலே அமைத்து, பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டது. நம் தீவு 50 சதுர கிலோமீற்றர். அவ்வரசாங்கத்தின் திரவியம் நம்மிடமில்லை. ஆனால் வேண்டிய கருவிகள் இன்று இலவசம். அர்ஜென்ரீனா நாட்டவர் இருவர் தொடங்கி, 2014இல் எல்லோருக்கும் திறந்துவைத்த ‘கொடோ’ என்னும் என்ஜினுக்குக் கட்டணமில்லை. உருவங்களைச் செய்யும் ‘பிளெண்டர்’ மென்பொருளுக்கும் கட்டணமில்லை. இரண்டையும் சாதாரணக் கணினியொன்றிலே பயிலலாம். டீசல் இயந்திரங்களையே நம்பியிருந்த எம் மின்சாரத்துக்கும் விடிவு தென்படுகிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டத்துக்கு இந்திய நன்கொடையில் 2024 மார்ச் மாதம் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று.

கருவி இலவசமாயினும் தரவு இலவசமன்று. அதைக் கால்நடையாகத்தான் சேர்க்கவேண்டும். செய்மதி எடுத்த உயரக் கணக்குகளிலே ஒரு புள்ளிக்கும் மறு புள்ளிக்கும் இடைவெளி பொதுவாக 30 மீற்றர். இடுப்பளவு உயரமுள்ள கல்வேலி அதிலே தெரியாது. எந்த வேலி எங்கே தொடங்கி எங்கே வளைகிறது, எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கும், எந்தத் துறைக்கு முதியோர் என்ன பெயர் வழங்கினார்கள் என்பன எந்தச் செய்மதிக்கும் தெரியாத விடயங்கள். அவற்றை அறிந்தவர்களோ ஆண்டுதோறும் எம்மிடையே குறைந்துகொண்டு வருகிறார்கள். ஆகவே இவ்விளையாட்டு ஒரு நாளும் முற்றுப்பெறாமற் போனாலும், அதற்கெனச் சேர்த்த குறிப்புக்கள் இத்தீவின் சரித்திரத்துக்கு ஒப்பற்ற ஆவணமாக எஞ்சும். கடற்படை முகாம்கள் உள்ள கரையோரங்களில் உரிய அனுமதி பெற்றே படமெடுக்கவேண்டும் என்பதை, லெம்னொஸ் தீவின் அனுபவத்தை நினைவிற்கொண்டு, இளைஞருக்கு வற்புறுத்திச் சொல்கிறேன்.

மாவிலித்துறையிலிருந்து ஆடும் தம்பிமாரே, தங்கைமாரே, உங்களைப் போனைக் கீழே வைக்கும்படி நான் கேட்கவில்லை. பிறர் ஆக்கிய தீவின் மூலை முடுக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய ஞாபகசக்தி உங்களிடமிருக்கிறது. அச்சக்தியை உங்கள் சொந்தத் தீவின்மேலும் சிறிது திருப்புங்கள் என்றே கேட்கிறேன். வரும் விடுமுறையில் உங்கள் வளவுக்கு அண்மையிலுள்ள ஒரேயொரு கல்வேலியை அளந்து, அதன் நீளம், உயரம், வளைவு, படலை இருக்கும் இடம் ஆகியவற்றை ஒரு கொப்பியிலே குறித்துவையுங்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் வாழும் நெடுந்தீவாரே, உங்கள் பெட்டிகளிற் கிடக்கும் பழைய புகைப்படங்களைத் தேடியெடுத்து, எந்த ஆண்டு, எந்த இடம் என்று பின்புறத்தில் எழுதிப் பிரதியெடுத்து அனுப்புங்கள். கணினித் தொழிலில் இருப்போர் வாரத்துக்கு ஒரு மணி நேரம் எங்கள் பிள்ளைகளுக்குக் கொடோவைக் கற்றுக்கொடுங்கள். நெடுந்தீவைப் பற்றிய விளையாட்டை நாம் செய்யாவிட்டால், ஒரு நாள் இத்தீவைப் பார்த்திராத ஒருவர் அதைச் செய்வார். அவர் செய்யும் நெடுந்தீவிலே கிணறு இராது.